ஆத்தங்கரைத் தெரு குடும்பக் குழு: எழும்பூரில் சித்தி, இரண்டு வைஃபை

முருகேசன் பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) அவசரச் செய்தி!! ரயில் நிலையத்தில் இலவச வைஃபை போட்டால் அடுத்த நொடியே உங்கள் வங்கிக் கணக்கு காலி. உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.

விஜயா சித்தி: ஐயோ அத்தான், நான் எழும்பூரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் வைஃபையைப் போட்டேன்.

பாலு மாமா: உன் கணக்கில் காலி பண்ண என்ன இருக்கிறது அக்கா, பயப்படாதே

தேன்மொழி: மாமா!! சித்தி, என்ன அவசரம் இப்போது?

விஜயா சித்தி: தவசுப்பிள்ளைக்கு உன் வளைகாப்புச் சமையல் அட்வான்ஸ் 15,000 இன்றைக்கே போட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேதியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவாராம். இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் மட்டும் நொண்டிக்கொண்டு வருகிறது, ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கதிர்: சித்தி, பணம் அனுப்பும்போது பின் நம்பர் வரைக்கும் போனீர்களா?

விஜயா சித்தி: இல்லை கதிர், அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

கதிர்: நல்லது. போயிருந்தால், பணம் இரண்டு தடவை போய்விடக்கூடும், மறுபடி அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். வைஃபை பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

விஜயா சித்தி: படம் போகமாட்டேன் என்கிறது. எழுதியே சொல்கிறேன். ரெயில்வயர் என்று ஒன்று. அதன் கீழே ரெயில்வயர் ஃப்ரீ ஃபாஸ்ட் என்று இன்னொன்று. அதில்தான் கோடு முழுசாக இருந்தது, தொட்டேன். ஒரு பக்கம் திறந்து ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்கிறது.

கதிர்: போட்டீர்களா?

விஜயா சித்தி: முகவரி மட்டும் போட்டேன். அதற்குள் அத்தான் செய்தி வந்து விழுந்தது.

முருகேசன் பெரியப்பா: பார்த்தீர்களா. என் ஃபார்வர்டைக் கிண்டல் பண்ணுவீர்களே.

கதிர்: இன்றைக்கு உங்களுக்கு ஒரு நூறு மார்க் பெரியப்பா. ஆனால் செய்தியில் இருப்பது தப்பு. சித்தி, அந்தப் பக்கத்தை மூடுங்கள். வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்து, மறந்துவிடு என்று வருவதைத் தொடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு அப்படியே இருங்கள்.

விஜயா சித்தி: ஆச்சு. அணைத்தால் போதாதா, மறக்க வேறு வைக்க வேண்டுமா?

கதிர்: மறக்க வைக்காவிட்டால் போன் அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த தடவை அதே பெயர் எங்கே தெரிந்தாலும் உங்களைக் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். பெயர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ரெயில்வயர் என்று பெயர் மாற்ற அரை நிமிடம் போதும்.

தேன்மொழி: அப்படியென்றால் ஸ்டேஷன் வைஃபையே மோசடியா?

கதிர்: இல்லை. ரெயில்வயர் என்பது ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் நடத்துவது. 2016-இல் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து ஆரம்பித்தார்கள், இப்போது 6,000-க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. அது கேட்பது மொபைல் எண், அதற்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். ஜிமெயில் பாஸ்வேர்ட் அதற்கு எதற்கு? அங்கேதான் எனக்கு இடித்தது.

பாலு மாமா: ஜிமெயில் போனால் என்ன போகிறது? பணம் வங்கியில்தானே இருக்கிறது?

கதிர்: மாமா, உங்கள் போனில் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்கும்போதெல்லாம் சரி சரி என்று தட்டுவீர்களே, அத்தனையும் உங்கள் கூகுள் கணக்கில்தான் இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட், பான் கார்டு நகல் எல்லாம் மெயிலில். அது ஒன்று கையில் கிடைத்தால் மற்றதற்கு வழி தானாகத் தெரியும்.

கதிர்: இது கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒருவன் பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களில் இதே வேலையைத்தான் செய்தான். விமானத்துக்கு உள்ளேயும் கூட. கைக்கு அடக்கமான ஒரு கருவி, அசல் போலவே வைஃபை பெயர், இணைந்தால் மெயில் பாஸ்வேர்ட் கேட்கும் போலிப் பக்கம். 2024-இல் விமான ஊழியர்கள் சந்தேகப்பட்டுச் சொல்லப்போய் மாட்டினான். 2025 நவம்பரில் ஏழு வருடத்துக்கு மேல் சிறை.

தேன்மொழி: விமானத்துக்குள்ளேயா! எங்கே போய்ப் பயப்படுவது?

முருகேசன் பெரியப்பா: செய்தியில் தப்பு என்றாயே, என்ன தப்பு? வைஃபைக்காரன் நம் பின் நம்பரைப் பார்க்க முடியாதா?

கதிர்: வங்கி ஆப்பிலிருந்து போவது எல்லாம் போனிலேயே பூட்டப்பட்டு வங்கி சர்வரில்தான் திறக்கும். நடுவில் இருப்பவனுக்கு நீங்கள் எந்த வங்கியோடு பேசுகிறீர்கள் என்பது தெரியலாம். எவ்வளவு, யாருக்கு, பின் என்ன என்பது தெரியாது. பதினைந்து வருடத்துக்கு முன் நிலைமை வேறு. பல தளங்கள் திறந்த கடிதம் மாதிரி ஓடின. 2010-இல் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரல் வந்தது. காபிக் கடையில் பக்கத்து மேஜைக்காரர் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம். அந்த அவமானத்துக்குப் பிறகு பல தளங்கள் பூட்டுப் போட ஆரம்பித்தன.

கதிர்: யூபிஐ இன்னும் ஒரு படி மேல். அது உங்கள் சிம்மோடும் போனோடும் கட்டப்பட்டது. பின் நம்பர் மட்டும் வெளியே போனால் அதை வைத்து வேறு போனிலிருந்து பணம் அனுப்ப முடியாது. அதனால் வைஃபையில் சேர்ந்ததும் கணக்கு காலி என்பது நடக்காது. நீங்களே ஏதாவது தட்டிக் கொடுத்தால்தான் நடக்கும். பாஸ்வேர்ட், ஓடிபி, அல்லது வைஃபை வேகமாக வர இந்த ஆப்பைப் போடுங்கள் என்று வரும் ஏபிகே, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு.

பாலு மாமா: ஏபிகே என்றால் அந்தக் கல்யாணப் பத்திரிகை என்று வந்ததே, அதுவா? நான் திறக்கவில்லை, சத்தியமாக.

தேன்மொழி: சத்தியம் என்று சொன்னாலே சந்தேகம் வருகிறது மாமா

முருகேசன் பெரியப்பா: நான் ஆப் வைத்துக்கொள்வதில்லை. கூகுளில் வங்கிப் பெயரைத் தேடி, பூட்டு இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

கதிர்: சித்தியைவிட எனக்கு இப்போது உங்கள் மேல்தான் பயம் பெரியப்பா. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். அதனால்தான் குரோம் 2023-இல் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. தேடினால் மேலே வருவது விளம்பரமாகவும் இருக்கும். நம் வங்கிகள் எல்லாம் .பேங்க்.இன் (.bank.in) என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. முகவரியின் அந்தக் கடைசிப் பகுதி வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கப்படாது. முகவரிப் பட்டையில் அதைப் பாருங்கள். பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கைப் பக்கம் வந்தால், பரவாயில்லை தொடர் என்பதை மட்டும் தொட வேண்டாம், அங்கேயே மூடிவிடுங்கள். வெளியிடத்து வைஃபையில் பிரௌசர் வழியாக வங்கிக்குள் போகவே வேண்டாம்.

பாலு மாமா: விபிஎன் போட்டால்? இலவசமாக நிறைய கிடைக்கிறதே.

கதிர்: விபிஎன் என்றால் உங்கள் போனிலிருந்து போவது எல்லாம் அதை நடத்துபவனின் சர்வர் வழியாகப் போகும். இலவச விபிஎன் என்றால், வைஃபைக்காரன் உட்கார்ந்த இடத்தில் முகம் தெரியாத இன்னொருவனை உட்கார வைக்கிறீர்கள். அவ்வளவே வித்தியாசம்.

விஜயா சித்தி: நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். தவசுப்பிள்ளை இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டார்.

கதிர்: சித்தி, உங்கள் எண்ணுக்கு இங்கிருந்தே டேட்டா ரீசார்ஜ் போட்டுவிட்டேன். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். அப்புறம் ஜிபே திறங்கள். வைஃபை அணைந்தே இருக்கட்டும்.

முருகேசன் பெரியப்பா: கதிர், ஒன்று நானும் சொல்கிறேன், வங்கியில் இருந்தவன் என்ற முறையில். எது போனாலும் முதல் போன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது, அதில் சொன்னது இது. நம் தப்பும் இல்லை, வங்கித் தப்பும் இல்லை, வெளியே யாரோ செய்தது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்பவருக்கு நஷ்டம் கிடையாது. ஏழு வேலை நாள் வரை சொன்னால் ஓர் அளவுக்கு நம் தலையில். நாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது போனதுதான். கவுண்டரில் வந்து அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள்.

கதிர்: இதை நீங்கள் ஃபார்வர்ட் பண்ணுங்கள் பெரியப்பா, நானே நாலு குழுவில் போடுகிறேன்.

விஜயா சித்தி: போய்விட்டது! 15,000. பெயர் சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் பின் போட்டேன்.

தேன்மொழி: அப்பாடா. சித்தி, அந்த மெயில் முகவரியை அங்கே போட்டீர்களே, அதற்கு என்ன செய்வது அண்ணா?

கதிர்: முகவரி மட்டும் என்றால் குப்பை மெயில் கூடும், வேறொன்றும் இல்லை. ஆனாலும் ஊருக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பும் போட்டுத் தருகிறேன். மாமா, உங்களுக்கும். கடை ரூட்டரில் இன்னும் அட்மின் அட்மின்தானே பாஸ்வேர்ட்?

பாலு மாமா: அதை எதற்குக் குழுவில் சொல்கிறாய்!

விஜயா சித்தி: தவசுப்பிள்ளை கேட்கிறார், பால் பாயசமா, அடைப்பிரதமனா?

தேன்மொழி: பிரதமன்.

முருகேசன் பெரியப்பா: சர்க்கரை கம்மியாகப் போடச் சொல் விஜயா.