இரவும் பகலும் ஓடும் ஆம்ப்ளிஃபையர்: அணைக்காமல் விடலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குப் பாட்டு நின்றால் தூக்கம் கலைந்துவிடுகிறது. அதனால் எங்கள் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் எட்டு மாதங்களாகக் குறைந்த ஒலியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் மேல்மூடியில் கை வைத்தேன். சில நொடிகளுக்கு மேல் வைக்க முடியவில்லை. இப்போது இடது ஸ்பீக்கரில் மெல்லிய உறுமலும் கேட்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றின் தலை லேசாகப் புடைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டருக்கு, வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். வருடத்துக்கு 8760 மணி நேரம் ஓடினால் நான்கு வருடம்கூட வராது. ஆக, வெப்பம்தான் முதல் எதிரி என்று நினைக்கிறேன்.

புடைத்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? மேலே சிறிய மின்விசிறி வைத்தால் உண்மையில் பலன் உண்டா? அல்லது இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அதிகம் சூடாகாத டி வகுப்பு ஆம்ப்ளிஃபையருக்கு மாறுவதே நல்லதா? ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் நன்றாகவே இருக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை.

வருடக்கணக்கில் அணைக்காமல் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பழுது பார்க்கும்வரை அப்பாவின் தலைமாட்டில் ஒரு சிறிய ரேடியோவை வைத்திருக்கிறேன்.