பெர்லினில் வீடு: சாவி கைக்கு வராமல் அட்வான்ஸ் அனுப்பலாமா?

அம்பத்தூர்_பொண்ணு:
அக்டோபரில் பெர்லினில் எம்.எஸ். சேர்கிறேன். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாச்சு, வீடுதான் இல்லை. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல். நெட்டில் ஒரு வீடு பார்த்தேன், ஒரு ரூம், கிச்சன், பால்கனி, எல்லாம் சேர்த்து 420 யூரோ. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம், இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியை கூரியரில் போடுவாராம். தன் பாஸ்போர்ட் காப்பியும் அனுப்பியிருக்கிறார். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகின அப்பாவுக்கு இது பெரிதாகப் படவில்லை, திங்கட்கிழமை பேங்குக்குப் போகலாம் என்கிறார். அங்கே இருக்கும் தெரிந்த அக்கா ஒருத்தர் தன் ரூமில் தங்கச் சொல்கிறார், ஆனால் அட்ரஸ் பதிய முடியாதாம். பதியாமல் இருந்தால் என்ன ஆகும்?

வேளச்சேரி_ரிட்டர்ன்:
பணம் அனுப்பாதீங்க. இதே மாதிரி நான் 900 யூரோ விட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்த ஆள் டென்மார்க்கில் இருப்பதாகச் சொன்னான், பணம் போனதும் சாவி வரவில்லை, கூரியர் கட்டணம் இன்னும் 80 யூரோ வேண்டும் என்று மெயில்தான் வந்தது. அந்த பாஸ்போர்ட் காப்பி முன்னால் ஏமாந்த யாருடையதாகவும் இருக்கலாம், அதனால் உங்களுடையதையும் அனுப்பிவிடாதீங்க. அங்கே அட்வான்ஸுக்கு சட்டமே இருக்கிறது: ஹீட்டிங், தண்ணீர் செலவு சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை வாடகைக் காலம் ஆரம்பிக்கும்போதுதான். பெர்லினில் பால்கனியோடு தனி வீடு 420 யூரோவுக்கு என்பதே நம்பும்படி இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் ரூமை இரண்டு மூன்று மாதத்துக்கு விடுவார்கள், அதற்கு ட்ஸ்விஷன்மீட்டே என்று பெயர், முதலில் அதைத் தேடுங்க.

மயிலாப்பூர்_அம்மா:
என் பெண் அங்கே ஆறு வருஷமாக இருக்கிறாள். ஒன்று மட்டும் சொல்கிறேன் கண்ணு, காலி வீடு எடுத்தால் அடுப்பு, சிங்க் கூட இல்லாமல் கொடுப்பார்கள். கிச்சன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

பெர்லின்_தமிழன்:
பதிவு பற்றி நான் சொல்கிறேன். குடி போன இரண்டு வாரத்துக்குள் ப்யூர்கர்ஆம்ட் என்ற அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும், இதுதான் அன்மெல்டுங். பெர்லினுக்குள் எந்த வட்டாரத்து அலுவலகத்துக்கும் போகலாம், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பாடு, இங்கிருந்தே தேடத் தொடங்குங்க. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் குடிவந்ததற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தனித் தாள் வேண்டும், 2015 நவம்பரிலிருந்து கட்டாயம், பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். எந்த வீடு பார்த்தாலும் முதல் கேள்வியே 'இது தருவீர்களா' என்பதாக இருக்கட்டும். பதிந்தால் கிடைக்கும் சான்றை பேங்க் கணக்கு, குடியிருப்பு அனுமதி என்று எங்கே போனாலும் கேட்பார்கள், 11 இலக்க வரி எண்ணும் அந்த விலாசத்துக்குத் தபாலில்தான் வரும். தபால் வர லெட்டர் பாக்ஸில் உங்கள் பெயர் இருந்தாக வேண்டும், அங்கே ஃபிளாட்டுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. நான் வெள்ளைத் தாளில் பெயர் எழுதி செல்லோ டேப் ஒட்டினேன், நாலு நாள் மழையில் மை கரைந்து பேங்க் கார்டு திரும்பிப் போய்விட்டது. அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது, உள்வாடகைக்கு ஆள் வைக்க அவர் தன் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். சில நாள் விருந்தாளியாக இருந்து வீடு தேடுங்க. காசுக்கு விலாசம் மட்டும் தருகிறேன் என்பவர்களிடம் போகவே போகாதீங்க, குடியிருக்காத இடத்தைப் பதியக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு.

அம்பத்தூர்_பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. அந்தத் தாள் தருவீர்களா, அக்கா நேரில் வந்து வீட்டைப் பார்க்கலாமா என்று மெயில் போட்டேன். இன்னும் இரண்டு பேர் பணத்தோடு தயாராக இருக்கிறார்கள், இன்று ராத்திரிக்குள் அனுப்பு என்று பதில். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்கில் கொடுக்க நிரப்பி வைத்திருந்த ஏ2 ஃபாரத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். முதல் பத்து நாள் அக்கா வீடு.