மறு: ரீசெல்லர் – மறுவிற்பனையாளரா, உள்வாடகைக்காரரா?

நண்பர்களே, வணக்கம்.

"ஒரு சொல்லுக்கு இத்தனை மடலா?" என்று தனிமடலில் ஒருவர் அலுத்துக்கொண்டார். நெட்வொர்க் வைத்திருக்கும் பெரிய கைபேசி நிறுவனத்திடம் (பிணைய நிறுவனம்) இணைப்பை எடுத்துத் தன் பெயரில் விற்கும் இடைநிறுவனத்தை ஆங்கிலத்தில் "ரீசெல்லர்" என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான், அதனால் பதிலும் நானே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு நுகர்வோர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கைபேசிப் பகுதியில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன்: "மறுவிற்பனையாளர் மூலம் வாங்கிய வரம்பற்ற தரவுத் திட்டத்தைப் பிணைய நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடும்." பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் உள்ள சொற்கள்தாம். வீட்டில் வாசித்துக் காட்டினேன். "வித்த பொருளை எப்படிங்க திரும்பப் பிடுங்குவாங்க?" என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் எழுதிய வரியிடம் இல்லை. அன்றிரவுதான் இந்த இழையைத் தொடங்கினேன்.

அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது என் மைத்துனர் வீட்டில். அமெரிக்காவில் ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு. கேபிள் வராது, ஃபைபர் வராது. இணையத்தில் தேடி ஒரு சிறு நிறுவனத்திடம் மாதச் சந்தா கட்டி, சிம் போட்ட ரவுட்டர் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்திருந்தார். வேகமும் குறையில்லை, அளவும் இல்லை. ஒருநாள் மின்னஞ்சல் வந்தது: மேலே உள்ள பிணைய நிறுவனம் இந்தத் திட்டத்தை முடித்துக்கொள்கிறது, மாதக் கடைசியோடு இணைப்பு நிற்கும். அந்தச் சிறு நிறுவனத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சரி என்று ரவுட்டரின் அடிமூடியைக் கழற்றி, சிம்மில் அச்சிட்டிருந்த பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நேரே அவர்களையே அழைத்தார். சிம்மின் முதுகில் இருந்த நீண்ட எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். பிறகு, "இந்த எண் செயல்பாட்டில் இருக்கிறது. ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இல்லை. யார் பெயரில் என்று சொல்லவும் எங்களுக்கு அனுமதி இல்லை" என்று பதில் வந்தது. இரண்டு வருடம் தவறாமல் பணம் கட்டியவர், கணக்கில் எங்குமே இல்லை.

இந்த நிலைக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. வீட்டைக் குத்தகைக்கோ வாடகைக்கோ எடுத்தவர் அதில் ஓர் அறையை இன்னொருவருக்கு விட்டால் அது உள்வாடகை. வீட்டுக்காரரிடம் நமக்கு ஒப்பந்தம் கிடையாது. ரசீது கூட அவர் பெயரில் வராது. வாடகைக்காரரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் உள்வாடகைக்காரரும் சேர்ந்து மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே என் பரிந்துரை: ரீசெல்லர் வழி வரும் தரவுத் திட்டம் "உள்வாடகைத் திட்டம்".

இதற்கு வந்த மறுப்புகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> மறுவிற்பனையாளர் ஏற்கெனவே வழக்கில் ஊன்றிய சொல். ஆங்கிலத்திலும் "ரீசேல்" என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காலத்தில் சட்டம் நின்றது. மறுவிற்பனைக்குத் தடை போடக்கூடாது என்ற விதியை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-இல் புதுவகைக் கைபேசிச் சேவைகளுக்கும் நீட்டித்தது. அதே ஆணையிலேயே அதற்கு முடிவுக் காலமும் வைத்தார்கள். 2002 நவம்பர் 24-ஆம் தேதியோடு அந்தக் கடமை காலாவதியாயிற்று. அதன்பின் பெரிய நிறுவனம் இடைநிறுவனத்துக்கு இடம் கொடுப்பது தன் வணிகக் கணக்கைப் பார்த்துத்தான். காலியாகக் கிடக்கும் கொள்ளளவை மொத்த விலைக்குத் தள்ளிவிட்டால் லாபம். அந்தக் கொள்ளளவு தன் சொந்த வாடிக்கையாளருக்கே வேண்டியிருந்தால் கதவை அடைத்துவிடலாம். விதி போன பிறகும் சொல் மட்டும் பழைய கம்பீரத்தோடு உலவுகிறது. ஆங்கிலத்தில் அது பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சொல் ஆக்கும் நாம் அந்தப் பழைய சட்டையையே மாட்டிக்கொள்வானேன்?

இன்னொன்று, மறுவிற்பனை என்றால் பொருள் கைமாற வேண்டும். பழைய காரை வாங்கினால் முதலில் விற்ற கம்பெனிக்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தரவுத் திட்டத்தில் எதுவும் கைமாறுவதில்லை. அலைவரிசையைப் பயன்படுத்திக்கொள்ள மாதாமாதம் கிடைக்கும் அனுமதி அது, அவ்வளவே.

> உள்வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் செய்கிற வேலை என்ற வாடை வருகிறது. டிராக்ஃபோன் மாதிரி நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுத்தானே விற்கின்றன?

இது வலுவான மறுப்பு. சட்டம் படித்த அண்ணன் எழுதியது, எனக்கு ஒரு நாள் தூக்கம் போயிற்று. டிராக்ஃபோன் பல ஆண்டுகள் தனக்கென்று ஒரு பிணையமும் இல்லாமல், பெரிய நிறுவனங்களோடு மொத்த ஒப்பந்தம் போட்டு, பல பெயர்களில் இணைப்பு விற்று வந்தது. 2021-இல் பெரிய பிணைய நிறுவனங்களில் ஒன்றான வெரைசன் அதை வாங்கிவிட்டது. உள்வாடகைக்காரர் வீட்டுக்காரர் குடும்பத்திலேயே சம்பந்தம் செய்துகொண்ட கதை. இவர்களைக் கள்ளத்தனம் என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இப்படி மொத்த ஒப்பந்தத்தோடு வருவோர். இவர்களுக்கு நம் பட்டியலில் "மெய்நிகர் பிணைய இயக்குநர்" என்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொரு வகை, நிறுவனக் கணக்கில் இணைப்புகளை மொத்தமாக எடுத்து, ஒவ்வொரு சிம்மாகப் பிரித்து வீட்டு இணையத்துக்கு விடுவோர். கைக்கணினிக்கோ நிறுவன ஊழியர் பயன்பாட்டுக்கோ விலை வைத்த திட்டம், ஒரு குடும்பமே இரவு முழுக்கப் படம் பார்க்கும் ரவுட்டருக்குள் போய்விடும். ஒரே டவரின் ஒரே பக்கத்தைப் பலர் பகிர்கிறார்கள். அதில் நாலு ரவுட்டர் ஓயாமல் உறிஞ்சினால் மற்றவர்களின் கைபேசி தவழும். வரம்பற்ற திட்டங்கள் திடீரென்று நின்றுபோவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். இங்கே அந்த "வாடை" இருப்பது குறையே இல்லை. வாசகர் மூக்கில் அது ஏறட்டும் என்றுதான் விரும்புகிறேன். வாடகை உலகிலும் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு விடும் உள்வாடகையும் உண்டு, தெரியாமல் விடுவதும் உண்டு. சொல் இரண்டையும் தாங்கும். கையேட்டில் "ஒப்பந்த உள்வாடகை" என்று அடைகொடுத்துப் பிரித்துவிடலாம்.

> டவர்களே அவர்களுடையதில்லையே! அப்படிப் பார்த்தால் பெரிய நிறுவனமும் வாடகைக்காரர்தான்.

உண்மை. அமெரிக்காவில் பெரும்பாலான டவர்கள் அமெரிக்கன் டவர், கிரவுன் காசில் போன்ற நிறுவனங்களிடம் இருக்கின்றன. கைபேசி நிறுவனங்கள் அதில் ஆன்டெனா மாட்ட வாடகை கொடுக்கின்றன. ரசித்தேன். ஆனால் வாடிக்கையாளரை நிறுத்தும் அதிகாரம் டவர் கம்பெனிக்கு இல்லை, அதனால் நம் சொல்லை இது அசைக்காது.

உண்மையில் என் சொல்லை அசைத்துப் பார்த்த வழக்கு வேறு. இழையில் யாரும் எடுக்கவில்லை, நானே எடுத்துவைக்கிறேன். கல்விக்கென்று ஒதுக்கிய ஓர் அலைவரிசை அமெரிக்காவில் இருந்தது. அதன் உரிமம் பள்ளிகள், கல்வி அறக்கட்டளைகள் போன்றோர் கையில் இருந்தது. அவர்கள் அதை கிளியர்வயர் என்ற கம்பியில்லா இணைய நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பதிலுக்கு மொபைல் சிட்டிசன், மொபைல் பீக்கன் என்ற லாப நோக்கற்ற அமைப்புகள் வழியாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மலிவு விலையில் வரம்பற்ற இணையம் கிடைத்தது. 2013-இல் கிளியர்வயர் முழுவதையும் ஸ்பிரின்ட் என்ற பெரிய கைபேசி நிறுவனம் வாங்கியது. கிளியர்வயரின் பழைய வைமேக்ஸ் (ஒரு கம்பியில்லா இணையத் தொழில்நுட்பம்) பிணையத்தை 2015 நவம்பர் 6 அன்று மூடப்போவதாக அறிவித்தது. புதிய பிணையத்தில் பழைய வரம்பின்மை தொடராது என்பதுதான் தகராறு. மொபைல் சிட்டிசனும் மொபைல் பீக்கனும் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்துக்குப் போயின. தங்கள் பயனர்கள் இருக்கும் இடங்களில் மூடுவதற்கு 90 நாள் இடைக்காலத் தடையும் வாங்கின.

இங்கே யார் வீட்டுக்காரர்? அலைவரிசை கல்வி அமைப்புகளுடையது, கருவிகளும் பிணையமும் ஸ்பிரின்ட்டுடையது. நிலம் ஒருவருக்கு, மேலே எழுப்பிய கட்டடம் இன்னொருவருக்கு. இதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: அடிமனை. கோயில் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை கட்டுபவர்களைக் கேளுங்கள், கைபேசிப் பொறியாளரைவிட நன்றாக விளக்குவார்கள். மற்ற உள்வாடகைக்காரர்களுக்கு முப்பது நாள் மின்னஞ்சலோடு கதை முடிகிறது. இவர்களால் நீதிமன்றப் படியேறி அவகாசம் வாங்க முடிந்ததற்கு, காலடியில் இருந்த அடிமனையும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். இந்த வழக்கில் என் சொல் தடுமாறினாலும் அதன் உறவுக்காரச் சொல் வந்து கைகொடுத்துவிட்டது. வாடகைக் குடும்பத்துச் சொற்களை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது "கிராண்ட்ஃபாதர்டு பிளான்". புதியவர்களுக்குக் கடையை மூடிய பிறகும், பழைய வாடிக்கையாளர் மட்டும் பழைய விதியோடு தொடர விடும் திட்டம். ஏடி அண்ட் டி 2010 ஜூனில் புதியவர்களுக்கு வரம்பற்ற தரவை நிறுத்தியது, வெரைசன் 2011 ஜூலையில். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் அதைப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். 2016-இல் மாதம் 100 ஜிபிக்கு மேல் போனவர்களிடம், ஆகஸ்டு முடிவதற்குள் அளவுத் திட்டத்துக்கு மாறாவிட்டால் இணைப்பு போய்விடும் என்று வெரைசன் சொல்லிவிட்டது.

"தாத்தா திட்டம்" என்று ஒருவர் எழுதியிருந்தார், விளையாட்டாகத்தான் என்று நம்புகிறேன். அந்தத் தாத்தா நல்ல தாத்தா இல்லை. 1898-இல் லூசியானா மாநிலம் வாக்குரிமைக்குப் படிப்போ சொத்தோ கேட்டுவிட்டு, 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ தானோ அப்பனோ தாத்தனோ வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் மீண்டவர்களின் பேரன்களுக்கு அந்தத் தாத்தா எங்கிருந்து வருவார்? 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வகை விதியைத் தள்ளுபடி செய்தது. ஆங்கிலம் அந்தக் கறையை மறந்துவிட்டது. நாம் மெனக்கெட்டு மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டாம்.

நம் கல்வெட்டுகளில் இதற்குக் கச்சிதமான தொடர் இருக்கிறது. நிலத்தைக் கோயிலுக்குக் கொடுக்கும்போது, அங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடிகளை அப்படியே இருக்கவிட்டால் அது "குடிநீங்காத் தேவதானம்"; அவர்களை அகற்றிவிட்டுக் கொடுத்தால் "குடிநீக்கி". உரிமையாளர் மாறலாம், விதி மாறலாம், பழைய குடி அசையாது. ஆகவே "குடிநீங்காத் திட்டம்". அதையும் ஒருநாள் நிறுத்தினால் "குடிநீக்கம்". முதல்முறை கேட்கும்போது தொல்லியல் துறை வாசலில் நிற்பது போல இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதம் புழங்கினால் சரியாகிவிடும். "கணினி"யும் ஒரு காலத்தில் விறைப்பாகத்தான் இருந்தது.

"வரம்பற்ற" என்பதை மாற்ற வேண்டாம். பொய்யான விளம்பரச் சொல்லுக்கு உண்மையான கலைச்சொல் ஆக்கித் தருவது நம் வேலையில்லை. வரம்பற்றது என்று விற்றுவிட்டு, சில ஜிபி தாண்டியதும் வேகத்தைக் குறைத்ததற்காக டிராக்ஃபோன் 2015-இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட தீர்வில் 4 கோடி டாலர் கட்டியது. அந்த வேகக்குறைப்புக்கு "வேகநெரிப்பு" என்று ஒரு தங்கை கொடுத்த சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். திங்களன்று உள்வாடகைத் திட்டம், குடிநீங்காத் திட்டம், குடிநீக்கம், வேகநெரிப்பு நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடிமனை இப்போதைக்கு அடிக்குறிப்பில் இருக்கட்டும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

பி.கு.: வரியை மாற்றி எழுதி நேற்று மறுபடி வாசித்துக் காட்டினேன்: "இது உள்வாடகைத் திட்டம், பிணைய நிறுவனம் இடைநிறுவனத்தைக் காலி செய்யச் சொன்னால் உங்கள் இணைப்பும் போய்விடும்." தலையை ஆட்டிவிட்டு, "அப்ப ரவுட்டருக்குக் கட்டின அட்வான்ஸ் திரும்பி வருமா?" என்று கேட்டாள். கையேட்டில் அதற்கு ஒரு பத்தி இல்லை. எழுத வேண்டும்.