மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது, அவசரம்

வல்லம் டீச்சர், காலை 6:40
லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வைஃபை வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. 7 மணிக்குப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. தினமும் இதே தொல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய மோடம், 6:52
விண்டோஸ் 10ஆ, 11ஆ? வரவில்லை என்றால் எது வரவில்லை? வைஃபை பெயர்ப் பட்டியலே காட்டவில்லையா, காட்டியும் இணையவில்லையா, இணைந்தும் நெட் ஓடவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய்.

குமரிக் காற்று, 7:05
ரவுட்டர்தான், சந்தேகமே வேண்டாம். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 52இல் தொடங்கும் சேனல்கள் பல நாடுகளில் ரேடாருக்கும் பொது. அங்கே லேப்டாப் தானாகக் கூப்பிடாமல் ரவுட்டரின் குரலுக்குக் காத்திருக்கும். 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பழைய மோடம், 7:11
அண்ணா, அப்படியென்றால் தாமதமாகவாவது வர வேண்டும். இங்கே ரீஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது.

நெட்வொர்க் ஐயா, 7:30
எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுங்கள். இரண்டு நிமிட வேலை.

வல்லம் டீச்சர், 8:20
வகுப்பு இப்போதுதான் முடிந்தது. அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன், அதுவும் தெரியவில்லை. கடைசியில் போனை ஒயரில் செருகி நெட் எடுத்தேன். விண்டோஸ் 11. கீழ் மூலையில் உலக உருண்டை மட்டும் இருக்கிறது. அதை அழுத்தினால் வைஃபை பொத்தானே இல்லை, ஏர்பிளேன் மோடு மட்டும் நிற்கிறது. ஐயா, நீங்கள் சொன்ன பவர் மேனேஜ்மென்ட் பக்கமும் இல்லையே?

பழைய மோடம், 8:34
ஹாட்ஸ்பாட்டும் தெரியவில்லை என்றால் ரவுட்டர் மேல் பழி இல்லை. அந்தப் பக்கம் இல்லாததும் உங்கள் தவறில்லை. பழைய லேப்டாப் தூங்கும்போது ராம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிற்கும். புதியவை பலவற்றில் மாடர்ன் ஸ்டாண்ட்பை. போன் போல அரைத்தூக்கம். அந்த வகையில் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைக் காட்டாது.

நெட்வொர்க் ஐயா, 8:41
தூங்க வைப்பதே தவறு. வேலை முடிந்தால் ஷட்டவுன் செய்யுங்கள். பிரச்சினையே வராது.

கருப்பட்டி, 8:50
ஐயா, ஷட்டவுனும் முழு ஷட்டவுன் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், பாகங்களை இயக்கும் மென்பொருளான ட்ரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்து, மறுபடி அதையே எடுக்கும். கெட்டுப்போன ட்ரைவர் நிலையும் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

நெட்வொர்க் ஐயா, 8:58
அது எனக்குத் தெரியாதா தம்பி? புது லேப்டாப் கைக்கு வந்ததும் நான் முதலில் அணைப்பதே அதைத்தான். வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கும்போது அதனால் மிச்சமாவது சில வினாடி.

கருப்பட்டி, 9:03
எல்லோர் வீட்டிலும் எஸ்எஸ்டியா இருக்கிறது? ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

பழைய மோடம், 9:10
அந்தச் சண்டை அப்புறம். டீச்சர், அடுத்த முறை வைஃபை போனதும் ரீஸ்டார்ட் செய்யாமல் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா? இந்தத் தொல்லை எப்போதிலிருந்து?

வல்லம் டீச்சர், மாலை 5:15
முக்கோணம் இருக்கிறது. உள்ளே கோடு 10 (Code 10) என்று பிழை எண் போட்டிருக்கிறது. போன வாரம் அப்டேட் ஓடியதே, அதற்குப் பிறகுதான். சொல்ல மறந்துவிட்டேன்.

பழைய மோடம், 5:22
காலையிலேயே இது தெரிந்திருந்தால் நல்லது. கோடு 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று பொருள். அப்டேட்டோடு புது ட்ரைவர் வந்திருக்கும், அது தூக்கத்திலிருந்து கார்டை எழுப்பத் திணறுகிறது என்று நினைக்கிறேன். அதே ஜன்னலில் ட்ரைவர் பக்கம் போய், பழைய ட்ரைவருக்கே திரும்பும் ரோல் பேக் ட்ரைவர் பொத்தானை அழுத்துங்கள். பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

குமரிக் காற்று, 5:40
சேனலையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

வல்லம் டீச்சர், மூன்று நாள் கழித்து
ரோல் பேக் செய்தேன். மூடித் திறந்தால் உடனே பிடிக்கிறது. நன்றி.

மேலூர் ராசு, அடுத்த வாரம்
எனக்கும் இதே கோடு 10. ஆனால் ரோல் பேக் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. என்ன செய்ய?

பழைய மோடம்
பழைய ட்ரைவர் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, ஒரு பதிப்பு பழையதை இறக்குங்கள். மாடல் என்ன?