விடுதி வைஃபையில் டெவலப்மென்ட் சர்வரைத் திறந்து வைப்பது ஆபத்தா?

புதுநிரலர்:
கோயம்புத்தூர் பீளமேட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட்டின் முன்பக்கம் (பயனர் பார்க்கும் பகுதி) வைட் என்ற கருவியில் ஓடுகிறது, பின்பக்கம் (சர்வர் பகுதி) ஃபிளாஸ்க் என்ற பைத்தான் கட்டமைப்பில். மொபைலில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக வைட்டை ஹோஸ்ட் தெரிவுடனும், ஃபிளாஸ்க்கை 0.0.0.0 முகவரியிலும் (இரண்டுமே அதே வலையமைப்பில் உள்ள மற்றவர்களும் அணுகும்படி திறந்துவிடும்), பிழைகளை விரிவாகக் காட்டும் டீபக் நிலையில் ஓட்டுகிறேன். நான்கு மாடிக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்டு. ரகசிய அமைப்புகளை வைக்கும் டாட் என்வ் கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் ஒரு கட்டணச் சேவையின் சாவியும் இருக்கின்றன. இது ஆபத்து என்று அறைத் தோழன் பிடிவாதமாகச் சொல்கிறான். உண்மையா?

தெற்குவாசல்:
ரவுட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறீர்கள்? வெளி இணையத்திலிருந்து யாரும் வைட் ஓடும் உங்கள் 5173 போர்ட்டை (இணைப்புகள் உள்ளே வரும் வாசல் எண்) நேரடியாகத் தொட முடியாது. கல்லூரி புராஜெக்ட்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

ஆய்வகத்து அக்கா:
கவலைப்பட வேண்டும் தம்பி. உங்கள் தோழன் சொல்வதுதான் சரி. வெளியிலிருந்து வர முடியாது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் உள்ளேதானே இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவருடைய லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் அதுவும் உள்ளேதான் இருக்கிறது. நான் ஒரு கல்லூரியின் ஆய்வக வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவள். 5173, 5000, 8000 என்று மாணவர்களின் கணினிகளில் போர்ட்டுகள் திறந்து கிடப்பதை அன்றாடம் பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வைட். புராஜெக்ட்டுக்கு வெளியே இருக்கும் கோப்புகளையும், டாட் என்வ் கோப்பையும் யார் கேட்டாலும் தராமல் மறுப்பதுதான் அதன் இயல்பு. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-30208 என்ற ஓட்டை (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பட்டியல் எண்) அந்த மறுப்பையே உடைத்தது. கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, 'ரா' என்ற சொல், மறுபடியும் இரண்டு கேள்விக்குறிகள், இவ்வளவுதான். கோப்பு அப்படியே பிரவுசரில் வந்து நிற்கும். பாதிக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போல ஹோஸ்ட் தெரிவு கொடுத்து வலையமைப்புக்குத் திறந்துவிட்டவர்கள் மட்டும்தான். 6.2.3, 5.4.15 பதிப்புகளில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே அதே காவலைத் தாண்டும் வேறு வழிகளும் வெளிவந்தன. அதனால் கடைசிப் பதிப்புக்கு மாறுங்கள். மாறிவிட்டோம் என்று திறந்தும் வைக்காதீர்கள்.

அடுத்தது ஃபிளாஸ்க். என்னை உண்மையில் பதற வைப்பது இதுதான். டீபக் நிலையில் பிழை வந்தால் தோன்றும் பக்கத்தில், ஒவ்வொரு வரிக்கும் அருகே ஒரு சின்னக் கன்சோல் சின்னம் இருக்கும். அதை அழுத்தி, டெர்மினலில் அச்சாகும் 'பின்' என்ற ரகசிய எண்ணைக் கொடுத்தால் உங்கள் கணினியில் எந்தப் பைத்தான் கட்டளையையும் ஓட்டலாம். பின் எண்தான் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அது உங்கள் பயனர் பெயர், ஃபிளாஸ்க் இருக்கும் பாதை, பிணைய அட்டையின் மேக் முகவரி, கணினியின் அடையாள எண் போன்றவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. லினக்ஸில் இவை எல்லாமே சாதாரணக் கோப்புகளில் கிடைக்கும். பழைய வைட் வழியாகக் கோப்புகளைப் படிக்க முடிந்தவர் பின் எண்ணைத் தானே கணக்கிட்டுக்கொள்வார். தனித்தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும் இரண்டு ஓட்டைகள், ஒரே கணினியில் சேரும்போது அந்தக் கணினியையே பறிகொடுக்க வைக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2015-இல், படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் பணம் தரும் பேட்ரியான் தளத்தின் தகவல்கள் திருடுபோனபோது, தங்கள் தளத்தின் டீபக் பதிப்பு ஒன்று பொதுவெளியில் திறந்திருந்ததே வழி என்று அந்நிறுவனமே அறிவித்தது.

மொபைலில் பார்க்க வலையமைப்பைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் மொபைலில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, லேப்டாப் டெர்மினலில் ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவி வழியாக 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:5173 டிசிபி:5173' என்று கொடுங்கள். 5000-க்கும் அப்படியே. இரண்டு சர்வர்களும் 127.0.0.1 முகவரியிலேயே, அதாவது உங்கள் கணினிக்குள் மட்டும், இருக்கட்டும். மொபைல் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:5173 என்று அடித்தால் லேப்டாப்பின் பக்கம் திறக்கும். இதில் வைஃபைக்கு வேலையே இல்லை.

டாட் என்வ் கோப்பில் உள்ள சாவியையும் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

கைபேசிக்காரன்:
நான் மொபைல் செயலி எழுத ரியாக்ட் நேட்டிவ் பயன்படுத்துகிறேன். ஹோஸ்ட் என்று எதையும் கொடுத்ததில்லை. அப்படியானால் எனக்குச் சிக்கல் இல்லைதானே?

ஆய்வகத்து அக்கா:
இருக்கிறது. ரியாக்ட் நேட்டிவின் டெவலப்மென்ட் சர்வரான மெட்ரோ, நாம் எதுவும் சொல்லாமலே வைஃபை உட்பட எல்லா இடைமுகங்களிலும் திறந்துகொள்ளும். 2025 நவம்பரில் ஜேஃபிராக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விவரம் வெளியிட்ட சிவிஇ-2025-11953, வலையமைப்பில் இருக்கும் எவரும் அதன் வழியே உங்கள் கணினியில் கட்டளை ஓட்ட இடம் தந்தது. விண்டோஸில் நிலைமை இன்னும் மோசம். ரியாக்ட் நேட்டிவ் கம்யூனிட்டியின் சிஎல்ஐ சர்வர் தொகுப்பு 20.0.0 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே புதுப்பியுங்கள். முடியாவிட்டால் ஹோஸ்ட்டை 127.0.0.1 என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

127.0.0.1-இல் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பிரவுசரில் திறந்திருக்கும் வேறொரு தளமும் அதே பிரவுசர் வழியாக உங்கள் சர்வரிடம் பேசப் பார்க்கலாம். 2025 ஜனவரியில் வைட்டில் திருத்திய சிவிஇ-2025-24010 அந்த வகைதான். பதிப்புகளைப் புதிதாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

புதுநிரலர்:
நன்றி அக்கா. ஏடிபி வேலை செய்கிறது. சாவியையும் மாற்றிவிட்டேன். திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் 'எஸ்எஸ் -டிஎல்என்பி' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். 5173, 5000 இரண்டும் 127.0.0.1 என்று காட்டுகின்றன. ஆனால் 5432 இன்னும் 0.0.0.0 என்றே காட்டுகிறது. அது டாக்கரில் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன், அது போதுமா?

ஆய்வகத்து அக்கா:
நல்லவேளை பார்த்தீர்கள். போதாது. டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிச் சென்றுவிடும். டாக்கரின் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. டாக்கர் அமைப்புகளை எழுதியிருக்கும் காம்போஸ் கோப்பில் '5432:5432' என்று இருப்பதை '127.0.0.1:5432:5432' என்று மாற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் மாறாது. கன்டெய்னரை மறுபடியும் உருவாக்க வேண்டும். அதற்குப் பிறகு அதே எஸ்எஸ் கட்டளையைக் கொடுத்து 5432 வரியைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.