மேலத்தெரு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

கவிதா: ஞாயிற்றுக்கிழமை நித்யா வளைகாப்புக்கு அம்மா வர முடியாது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீனா அத்தை: அண்ணி இல்லாமலா? முதல் வளையல் தாய்மாமன் வீட்டு வளையல் அல்லவா!

பெரியப்பா: நேற்று போனில் நன்றாகத்தானே பேசினாள்.

சுமதி அக்கா: அப்பா, குரலை வைத்துச் சொல்ல முடியாது. வசந்தா சித்திக்குப் புற்றுநோய்க்கான கீமோ போன வெள்ளிக்கிழமை போட்டார்கள். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள்தான் வெள்ளை அணுக்கள் ரொம்ப இறங்கும். ஞாயிறு பத்தாம் நாள். மண்டபத்தில் ஒருவர் இருமினாலே போதும், தொற்றிக்கொள்ளும். கவிதா, தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். 100.4 வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல். அப்புறம்

பாலு: அக்கா, பாதியிலேயே அனுப்பிவிட்டாய்

பெரியப்பா: பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் அணுக்கள் ஏறும். வீடியோ அனுப்பினேனே?

பாலு: அது டெங்குவுக்கு, மாமா 😀

பெரியப்பா: ரத்தம் ஒன்றுதானே.

கவிதா: கேட்காமல் எந்தச் சாறும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் பெரியப்பா.

மீனா அத்தை: பாலு, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயா? புளியோதரை போன தடவை மாதிரி உப்பாக இருக்கக் கூடாது.

ஜெயா பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: படித்துவிட்டேன் பெரியம்மா. மொட்டைத் தலையைப் பற்றி அம்மாவுக்கு ஒரு வெட்கமும் இல்லை. முதல் கீமோ முடிந்த மூன்றாம் வாரம் தலையணை முழுக்க முடி. மறுநாளே மழித்துக்கொண்டு, "பழனிக்கு நேர்ந்த கடன் வீட்டிலேயே தீர்ந்தது" என்று சிரித்தாள். வாய்தான் பாடாய்ப் படுத்துகிறது. ரசம்கூட எரிகிறதாம், தண்ணீர் இரும்பு மாதிரி இருக்கிறதாம்.

ஜெயா பெரியம்மா: நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். மூத்தவள் நானும் இருக்கிறேன், வளையல் போட.

நித்யா: எனக்கு வசந்தா அத்தைதான் போட வேண்டும்.

மீனா அத்தை: நித்யா, சும்மா இரு.

அப்பா: 🙏

சுமதி அக்கா: சித்தப்பா, இந்தத் தடவையும் சித்திக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதா? பயந்துவிடாதீர்கள். அது ரத்தம் இல்லை, கீமோவில் ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்தின் நிறம். ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். அதற்கு மேலும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பா: சரிம்மா. தெளிந்துவிட்டது.

நித்யா: சனிக்கிழமை நானே வீட்டுக்கு வந்து அத்தை கையால் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளட்டுமா?

சுமதி அக்கா: போகலாம். கூட ஒருவர் போதும். மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் வேண்டாம்.

பெரியப்பா: நானும் வருகிறேன்.

சுமதி அக்கா: நீங்கள் இருமிக்கொண்டே இருக்கிறீர்கள் அப்பா.

பெரியப்பா: இது வெறும் தூசி.

ஜெயா பெரியம்மா: சபையில் போடாத வளையலுக்கு என்ன கணக்கு?

மீனா அத்தை: அண்ணனிடம் போனில் பேசிக்கொள்கிறேன்.

கவிதா: அம்மா தூங்குகிறாள். எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.

பாலு: ஞாயிறு வேன் ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா? டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.