நைத்திரேற்று 78: கொதிக்க வைத்தால் காணுமோ?

கோண்டாவில்_வளவு:
எங்கள் வளவுக் கிணற்றின் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. நைத்திரேற்று லீற்றருக்கு 78 மில்லிகிராம், ஃபுளோரைட்டு 0.4, ஈ.கோலி (மலக்கிருமி) இல்லை. வீட்டில் நாலு மாதப் பிள்ளை, புட்டிப்பால்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுத்தால் காணுமோ? அல்லது கிணற்றுக்குக் குளோரின் போட வேணுமோ? ஐ.நா. கணக்கில் வளவுக்குள் நல்ல கிணறு உள்ள வீடு பாதுகாப்பான நீர் உள்ள வீடாம். அப்படியென்றால் இந்த 78ஐ எப்படி எடுப்பது?

நீர்ப்பகுப்பு:
முதலில் பிள்ளையின் விசயம். இன்றிலிருந்தே இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக அது செறிவாகும்: 5 லீற்றர் 4 லீற்றராக வற்றினால் 78 என்பது 97 ஆகிவிடும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது.

உலக சுகாதார நிறுவனம் 50 என்ற எல்லையை வைத்ததே புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களை நினைத்துத்தான். உடலுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசன் காவுவதைக் கெடுக்கும். உதடு, நகம் நீலம்பாரித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அறிக்கையின் அலகையும் ஒருக்கால் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை அப்படியே எழுதும், சில அதிலுள்ள நைதரசனை மட்டும் எழுதும். நைதரசன் கணக்கென்றால் 4.43ஆல் பெருக்க வேண்டும். அதில் எல்லை 11 மட்டில்தான் வரும். '12தானே' என்று நிம்மதியாக இருக்கிற வீட்டின் உண்மையான அளவு 53 ஆக இருக்கலாம்.

கரி வடிகட்டி, செராமிக், யூ.வி. மூன்றும் நைத்திரேற்றைப் பிடிக்காது. வீட்டுக்கு ஆர்.ஓ. (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் கருவி) சரி, அந்தச் சவ்வு, அதாவது மெம்பிரேன், நல்ல நிலையில் இருந்தால் 85 வீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீர் வன்னீர், மெம்பிரேனில் படிவு சீக்கிரம் ஏறும். அழுத்தமும் கிட்டத்தட்ட 3.5 பார் வேண்டும். 5 மீற்றர் உயரத் தாங்கி தருவது அரை பார்தான், எனவே பூஸ்டர் பம்ப் உள்ளதாக வாங்குங்கள். கழிவுத் தண்ணீர் மூன்று மடங்கு வரும். அதிலும் நைத்திரேற்று உண்டு, கிணற்றடியில் விடாமல் வாழைக்கு விடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் முன்னால் கரி வடிகட்டி இருந்தே ஆக வேண்டும், குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும். ரி.டி.எஸ். மீற்றர் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது) நைத்திரேற்றைத் தனியாகக் காட்டாது. ஆனால் வழமையாக 60 காட்டுகிற தண்ணீர் 150க்கு ஏறினால் மெம்பிரேன் முடிந்துவிட்டது என்று அறியலாம். பால்மாவுக்கு ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைத்தே பாவியுங்கள்.

குடிநீர்க்_கணக்கு:
ஐ.நா. கணக்கைப் பற்றி. 2010 யூலை 28இல் பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. 2030ஆம் ஆண்டுக்கான ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 6.1 எல்லோருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்கிறது. அதை அளப்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்த கண்காணிப்புத் திட்டம். 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும்' நீருக்கு நிபந்தனைகள்: வளவுக்குள் இருக்க வேண்டும், தேவையான நேரம் கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் முன்னுரிமை இரசாயனங்களும் இருக்கக்கூடாது. அந்த முன்னுரிமை இரசாயனங்கள் ஆசனிக்கும் ஃபுளோரைட்டும். நைத்திரேற்று அதில் இல்லை! பல நாடுகளை ஒரே அளவுகோலால் அளக்க ஒரு எல்லை போடத்தான் வேண்டும், அது விளங்குகிறது. ஆனாலும் உரமும் மலக்குழியும் நிலத்தடி நீரைக் கெடுக்கிற எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் மாதிரி இடங்கள் அந்த அளவுகோலில் தப்பிவிடுகின்றன. எங்கள் கிணற்றை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: வாய் திறந்த கிணறு அந்தக் கணக்கில் 'பாதுகாக்கப்பட்ட கிணறு' ஆகாது. கட்டு, சுற்றிவரச் சீமெந்துத் தளம், மேலே மூடி எல்லாம் வேண்டும். ஈ.கோலி இல்லை என்பது மாதிரி எடுத்த அன்றைய நிலைமை மட்டுமே. மாரியில் திரும்பப் பாருங்கள்.

மழைத்தாங்கி:
ஆர்.ஓ.வுக்கு முதல் மழைத்தண்ணீரை யோசியுங்கள். 50 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை விழுந்தால், வழிவது போக 40,000 லீற்றர் மட்டில் பிடிக்கலாம். குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லீற்றர் என்றால் எட்டு மாதத்துக்கு 6,000 லீற்றர் காணும். பெரியவர்களுக்கு மழைத்தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சரிபாதி கலந்தாலே 78 ஏறக்குறைய 39 ஆகும். ஒவ்வொரு முறையும் முதல் வருகிற 50 லீற்றரை வெளியே விடுங்கள், குருவி எச்சமும் தூசியும் அதில்தான். தாங்கிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், வலை இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும்.

கோண்டாவில்_வளவு:
நன்றி. மலக்குழி கிணற்றிலிருந்து 18 மீற்றர். தூரம் காணாதா? தாளையடிக் குழாய்த் தண்ணீர் வந்தால் எல்லாம் சரியாகுமா?

நீர்ப்பகுப்பு:
மணல் நிலத்தில் 30 மீற்றர் என்பது பொதுவான அளவு. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடும், அங்கே எந்தத் தூரத்தையும் நம்ப ஏலாது. அடி மூடிய தாங்கியாக மாற்றி, நிரம்ப நிரம்ப பவுசரால் எடுப்பிப்பது நல்லது. பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்துக்குப் போடும் யூரியாவும் சேருகிறது, உங்கள் குழியை மட்டும் குறை சொல்ல முடியாது.

தாளையடிக் கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்த திட்டம். முதலில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை நம்பித்தான் வரைந்தார்கள், கமக்காரர் எதிர்த்த பிறகு கடலுக்கு மாறியது. குழாய் வந்தால் பிள்ளைக்கு அதையே எடுங்கள். கிணறு குளிக்கவும் தோய்க்கவும் இருக்கட்டும், ஆனால் பெரிய மோட்டர் பூட்டி இறைக்க வேண்டாம். உப்புநீரின் மேல் மிதக்கிற நன்னீர் அது; நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் கீழே உப்பு 40 மீற்றர் வரை மேலேறக்கூடும்.